சீனிக் கரண்டி, உப்புப் பக்கெட், ஒரு துண்டுக் கயிறு: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கான அன்றாடப் பழக்கங்கள்

உடம்பைக் கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்ததும் பலரும் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றப் பார்க்கிறார்கள். விடிய 5 மணிக்கு ஓட்டம், இரவில் சோறு இல்லை, சீனியைத் தொடுவதே இல்லை. நாலாம் நாள் வயலில் வேலை வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், சொந்தத்தில் ஒரு கலியாணம் வரும்; அத்தோடு எல்லாம் நின்றுவிடும். அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ளத் தேவையில்லை. புதிதாக நேரம் கேட்கிற பழக்கம் வேலை கூடிய வீட்டில் தங்காது. ஏற்கனவே தினமும் நடக்கிற காரியத்தில், தேத்தண்ணி ஊற்றுவதில், சோறு போடுவதில், கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போவதில், அளவை மட்டும் மாற்றினால் அது தங்கும். கீழே சொல்பவை எல்லாம் அந்த வகை. ஒன்றை எடுத்து இரண்டு கிழமை செய்யுங்கள். கை பழகிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

முதலில் கயிறு

தராசு இல்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். இழுபடாத ஒரு நூல்கயிற்றை எடுத்து, ஒரு முனையைக் குதிக்காலால் மிதித்துக்கொண்டு நேராக நில்லுங்கள். இன்னொருவர் மறுமுனையை உச்சந்தலை வரை இழுத்துப் பிடித்து, அந்த இடத்தில் வெட்ட வேண்டும். இப்போது அது உங்கள் உயரம். இரண்டாக மடித்து, தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் முனைகள் இரண்டும் தொட வேண்டும். தொடாவிட்டால் வயிற்றுக்குள் கொழுப்பு கூடியிருக்கிறது என்று அர்த்தம். தையல் நாடா இருந்தால் நம் பகுதி ஆட்களுக்கான எல்லை ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80.

சாரமோ களிசானோ கட்டுகிற இடத்தில் அளந்தால் கணக்குப் பிழைக்கும். வயிறு முன்னுக்கு வரவர அந்தக் கட்டு கீழே இறங்கிக்கொண்டே போகும். அதனால்தான் பத்து வருடமாக ஒரே அளவுக் களிசான் போடுகிறேன் என்று சொல்பவருக்கும் சீனி வருத்தம் வந்துவிடுகிறது. கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் முன்னே நிற்கிற உடம்பு நம்மில் நிறையப் பேருக்கு. மொத்த நிறையை விட அந்த வயிறுதான் கவனிக்க வேண்டியது. கயிற்றை அலுமாரிக்குள் வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த அளவு பொருந்தாது.

தேத்தண்ணி

இங்கேதான் அதிகம் மாற்றலாம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

உங்கள் குசினியில் சீனிப் போத்தலுக்குள் கிடக்கிற அந்தக் கரண்டியை எடுங்கள். வழமைபோலக் குவித்து அள்ளுங்கள். பிறகு கத்தியின் முதுகால் மேலே வழித்துவிடுங்கள். வழித்த ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 4 கிராம். குவித்தது 6 கிராம், கை தாராளமானால் இன்னும் கூட. நாளைக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் குவித்த இரண்டு கரண்டி என்றால் 48 கிராம் ஆகிறது. வளர்ந்த ஒருவர் உணவில் சேர்த்துக்கொள்ளும் சீனி நாளுக்கு 50 கிராமுக்குள் நிற்க வேண்டும், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேத்தண்ணி மட்டுமே அந்தக் கணக்கை முடித்துவிடுகிறது. பணிஸ், பிஸ்கற், சோடா எல்லாம் அதற்கு மேலே.

குறைக்கிற ஒழுங்கு இது. முதல் பத்து நாள் கரண்டி எண்ணிக்கையை மாற்ற வேண்டாம், வழித்து மட்டும் போடுங்கள். நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு சீனி போய்விடும். அடுத்த பத்து நாள் ஒவ்வொரு கப்புக்கும் அரைக் கரண்டி குறையுங்கள். அதன்பின் பத்து நாளுக்கு ஒருமுறை இன்னும் அரைக் கரண்டி. ஒரு கப்புக்கு அரைக் கரண்டி என்ற இடத்துக்கு வர ஏறக்குறைய 30 நாள் எடுக்கும். அதற்குள் நாக்கு மாறிவிடும். பழைய அளவில் போட்டுக் குடித்துப் பார்த்தால் திகட்டும், அதுவே அடையாளம்.

சீனி குறையும்போது சாயத்தின் கசப்பு வெளியே தெரியும். நிறையப் பேர் திரும்பப் பழைய அளவுக்கே போவது இதனால்தான். தேயிலையைக் கொதிக்கக் கொதிக்க விடாதீர்கள். கொதித்த தண்ணீரை ஊற்றி 3 நிமிடத்தில் வடித்துவிடுங்கள். தட்டிய இஞ்சித் துண்டு ஒன்றோ ஒரு ஏலக்காயோ சேர்த்தால் இனிப்புக் குறைந்தது தெரியாது. சீனியை ஊற்றும்போதே கலக்காமல் தனியாக வையுங்கள். விருந்தாட்கள் வந்தாலும் அப்படியே கொடுங்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பனங்கட்டி, கித்துள் கருப்பட்டி, தேன் என்று மாறுவது பலன் தராது. அவற்றின் மணமும் ருசியும் வேறு, உடம்பில் அவை சீனியாகவே கணக்கில் சேரும். பிளேன்டீயோடு கடித்துக் குடிக்கிற ஆள் என்றால், துண்டைச் சின்னி விரல் நகத்தளவுக்கு முதலிலேயே உடைத்து வையுங்கள். ரின் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. அது போட்ட தேத்தண்ணிக்கு மேலே சீனி போடவே கூடாது.

நேரமும் முக்கியம். சோறு சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் விடுங்கள். இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் குளிசை கொடுத்த பெண்களுக்கு இது கட்டாயம். குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்குவது பாதியை வீணாக்குவது போல. நித்திரை சரியில்லாதவர்கள் பின்நேரம் 4 மணிக்குப் பிறகு சாயம் குடிக்காமல் ஒரு கிழமை பார்க்கட்டும்.

குளிர்பானப் போத்தல்களில் 2016 முதல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சீனியின் அளவுக்கு நிற அடையாளம் இருக்கிறது. பக்கத்தில் 100 மில்லிலீற்றருக்கு எத்தனை கிராம் என்றும் அச்சிட்டிருக்கும். அது 100 மில்லிலீற்றருக்கான கணக்கு. 10 கிராம் என்று போட்ட 400 மில்லிலீற்றர் போத்தலை முழுதாகக் குடித்தால் 40 கிராம், அதாவது வழித்த பத்துக் கரண்டி.

உப்புப் பக்கெட்டில் திகதி எழுதுங்கள்

ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம், வழித்த ஒரு தேக்கரண்டி. இதை ஒவ்வொரு கறியிலும் அளந்துகொண்டிருக்க யாராலும் முடியாது. அதற்குப் பதில், 400 கிராம் பக்கெட்டை உடைக்கும் அன்று அதன் மேல் திகதியை எழுதுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் அது ஒரு மாதம் வர வேண்டும். அப்படி வந்தால் ஆளுக்கு நாளுக்கு 3 கிராம் சொச்சம். மிச்சம் பாண், பிஸ்கற், கருவாடு, அச்சாறு, கடை நூடில்ஸ், சூப் கட்டி ஆகியவற்றின் வழியாகத் தானாக வந்துவிடும். பதினைந்து நாளில் பக்கெட் முடிந்தால் எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் சோறு வடிக்கிற தண்ணீரிலும், சம்பலிலும், மேசையில் வைத்த உப்புச் சிரட்டையிலும் போகும். சோற்றுக்கு உப்பே தேவையில்லை, கறியில் இருக்கிறது. மேசை உப்பை எடுத்துவிட்டுத் தேசிக்காய்த் துண்டுகளை வையுங்கள். புளிப்பு இருந்தால் உப்புக் குறைந்தது தெரியாது.

கருவாட்டை வெந்நீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, தண்ணீரை இரண்டு தரம் மாற்றி, அந்தக் கறிக்கு வேறு உப்புப் போடாமல் இறக்குங்கள். கூனிச் சம்பலுக்கும் அதே நியாயம்: இடித்து முடித்து, ருசி பார்த்த பிறகே உப்பு.

சோற்றுக் கோப்பை

நாம் முதலில் சோற்றைப் போட்டு, அதன் மேல் கறியை ஊற்றுகிறோம். கோப்பை சோற்றாலேயே நிறைந்துவிடுவதால் மரக்கறிக்கு இடமில்லை. ஒழுங்கைத் திருப்புங்கள். முதலில் சுண்டலும் மரக்கறியும், கோப்பையின் பாதிக்கு. அடுத்து மீன், முட்டை, பருப்பு, கௌபி ஏதாவது ஒன்று கால்வாசிக்கு. மிஞ்சின கால்வாசி இடத்தில் சோறு. அது ஒரு தேத்தண்ணிக் கப் அளவுக்கு வரும். முதல் நாலு வாயும் மரக்கறியும் மீனுமாக இருந்தால், சாப்பிட்டபின் இரத்தத்தில் சீனி ஏறும் வேகமும் குறையும்.

வெட்டுக் காலத்தில் வயலில் நிற்பவருக்கு ஒரு கப் சோறு போதாது. அவருக்கு இரண்டும் சரி, மூன்றும் சரி. பிழை நடப்பது, வயலை விட்டுக் கடையிலோ கந்தோரிலோ இருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகும் வயற்காரன் கோப்பையையே சாப்பிடுவதில். சிவப்பரிசியும் குரக்கன் பிட்டும் நல்லவை, நார்ச்சத்து கூட. ஆனால் சிவப்பு என்பதற்காக இரண்டு மடங்கு போட்டால் கணக்குப் பழையபடிதான். பிட்டுக் குழலில் ஒரு துண்டு பிட்டு, அதே அளவுக்குத் தேங்காய்ப்பூ என்று அடுக்காமல், தேங்காய்ப்பூவை ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்துங்கள். சொதிக்கு இரண்டாம் பால் போதும். முதற்பாலை மீன்கறிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கீரைச் சுண்டல் தினமும் ஒன்று வேண்டும். வேலிக்கரை முருங்கையே போதும். உருவிய இலை இரண்டு கைப்பிடியை மூன்று தண்ணீரில் அலசுங்கள். வல்லாரை, பொன்னாங்காணி போன்ற ஈரநிலத்துக் கீரை என்றால் தண்டைப் பிரித்து, உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் வைத்து, ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். மண்ணும் அட்டையும் தண்டு பிரியும் இடத்தில்தான் ஒட்டியிருக்கும். சட்டியில் வெட்டிய சின்ன வெங்காயம், ஒரு பச்சைக் கொச்சிக்காய், ஒரு சிட்டிகை மஞ்சள், இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ. வெங்காயம் வாடியதும் இலையைக் கொட்டி 3 அல்லது 4 நிமிடம் கிளறுங்கள். மூடி போடாதீர்கள், மூடினால் நிறம் கறுத்துவிடும். இறக்கியபின் தேசிக்காய்ப்புளி. அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் கைக்கும். புளியில் உள்ள உயிர்ச்சத்தும் சூட்டில் அழியும். அந்த உயிர்ச்சத்துத்தான் கீரையின் இரும்பை உடம்பில் சேர்க்கிறது.

மீனுக்கு நம் பகுதியில் குறைவில்லை. கீரி, சூடை, சாளை போன்ற சின்ன மீனை முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் கிடைக்கிறது. பொரிப்பதை விட ஆணமாக வைப்பது நல்லது. பொரித்த எண்ணெய் கறுத்துப் புகைந்தால் அதை மறுபடி பாவிக்க வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக இருந்து சாப்பிடும் அம்மாவுக்கு மிஞ்சுவது சோறும் சொதியும் மீன் தலையும்தான். இரத்தக் குறைவும் களைப்பும் அவருக்கே முதலில் வருகின்றன. சமைத்து முடிந்ததும், யாருக்கும் பரிமாறும் முன், அவருடைய மீன் துண்டையும் சுண்டலையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள்.

வெற்றிலை வட்டா

வீட்டுக்கு வந்தவருக்கு வட்டாவை நீட்டுவது நம் ஊரின் மரியாதை. அதை மதித்துக்கொண்டே இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது: புகையிலை மட்டுமல்ல, பாக்கும் தனியாகவே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான விடயம். புகையிலையை நிறுத்திவிட்டுப் பாக்கோடு தொடர்ந்தால் ஆபத்துக் குறையும், தீராது. எந்த நேர வெற்றிலை மிகவும் தேவைப்படுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது மதியச் சோற்றுக்குப் பிந்தியது. அதைக் கடைசிக்கு விடுங்கள். வேலைக்கு நடுவே சும்மா போடுகிற வெற்றிலைகளை முதலில் நிறுத்தி, அந்த நேரம் ஒரு கராம்போ பெருஞ்சீரகமோ மெல்லுங்கள். இரவில் வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு படுப்பதை இன்றே விட வேண்டும், அதில் பாதிப்பு மிகக் கூட.

மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் கண்ணாடி பிடித்து, கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி மூன்றையும் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை, இரண்டு கிழமையாக ஆறாத புண், வாய் முன்போல அகலத் திறக்காமை, கொச்சிக்காய் பட்டால் தாங்க முடியாத எரிவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் அரச வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் போங்கள். நோகவில்லை என்பதால் பிரச்சினை இல்லை என்று நினைக்க வேண்டாம். தொடக்கத்தில் அது நோகாது.

நடையும் எழும்புதலும்

கிழமைக்கு 150 நிமிடம், அதாவது நாளுக்கு 25 நிமிடம் கூட இல்லை. கல்லடிக் கடற்கரை, காந்தி பூங்காவை ஒட்டிய வாவிக்கரை, கல்முனைக் கடற்கரை என்று இடம் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். வெளியே போக வசதியில்லாதவர்கள், குறிப்பாகப் பெண்கள், வளவுக்குள்ளேயே செய்யலாம். வேலியிலிருந்து வேலிக்கு 20 எட்டு என்றால், 50 தடவை போனால் 1000 எட்டு, ஏறக்குறைய 10 நிமிடம். மதியச் சோற்றுக்குப் பின் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. சாப்பிட்ட உடனே படுப்பதற்குப் பதில் இந்தப் பத்து நிமிடம் நடந்தால் சீனி ஏறுவது நன்றாகக் குறையும். வேகம் சரியா என்று பார்க்க: நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

சீனி வருத்தக்காரர் சுடுமணலில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதம் கொப்பளித்த பிறகுதான் தெரியவரும். மத்தியான வெயிலில் கோயில் வெளிவீதி சுற்றுபவர்களும், பாதயாத்திரை போகிறவர்களும் இதை மறக்க வேண்டாம். இரவில் கால் கழுவித் துடைத்து, விரல் இடுக்கையும் உள்ளங்காலையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடியை வைத்துப் பாருங்கள்.

மருதமுனைக் கைத்தறியில் இருப்பவர், தையல் மெஷினில் இருப்பவர், கடைக் கல்லாவில் இருப்பவர் எல்லாருக்கும் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்புவது வேண்டும். நூல் மாற்றும்போது, வாடிக்கையாளர் வரும்போது என்று அதை வேலையோடு கட்டிவிடுங்கள். வயதானவர்கள் பிளாஸ்ரிக் கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்து, கையை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருக்கட்டும், காலையும் மாலையும். தொடை பலப்பட்டால் கிணற்றடியில் விழுவது குறையும்.

கச்சான் வீசும்போதும் மாரியிலும்

கச்சான் காற்றில் வியர்வை தோலிலேயே காய்ந்துவிடும். எவ்வளவு போனது என்று தெரியாது. தாகத்தை நம்பாமல் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் நிறம் சரி, சாயத் தண்ணி நிறம் என்றால் பிந்திவிட்டீர்கள். வெயிலில் வேலை செய்பவர் 20 நிமிடத்துக்கு ஒரு கப் குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு போத்தலைக் குடிப்பது அதற்கு ஈடாகாது. நீண்ட நேர வேலையென்றால் உப்புப் போட்ட மோரோ கஞ்சித் தண்ணியோ நடுவில் சேருங்கள். இருதய, சிறுநீரக நோயாளர்கள் மட்டும் வைத்தியர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும். நோன்பு காலத்தில், திறந்ததிலிருந்து சஹர் வரை பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். வயல் வேலை முடிந்து தண்ணீரே குடிக்காத உடம்போடு, பாமசியில் நோக் குளிசை வாங்கிப் போடுவது சிறுநீரகத்துக்கு நேரடியான கெடுதி. வெயிலில் நின்றவர் குழம்பிக் கதைத்தால், மயங்கினால், நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்துக்கொண்டே 1990 அம்புலன்சை அழையுங்கள்.

மாரி தொடங்கினால் கிழமைக்கு ஒரு நாள், 10 நிமிடம் வளவைச் சுற்றுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் வரை ஒரு கிழமை சொச்சம் ஆகும், அதனால் கிழமைக்கு ஒருமுறை பார்த்தால் போதும். நம் வீடுகளில் அதிகம் தப்பிவிடுவது கொல்லையில் எறிந்த தயிர்ச் சட்டி. அடுத்து சிரட்டை, பீலி, பிரிட்ஜின் பின்னுள்ள தட்டு. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிக் காய்ந்தபடி மாதக்கணக்கில் இருக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். மூன்றாம் நாளுக்குள் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். வயலில் இறங்குபவர்கள் விதைப்புக்கு முன்பே பொது சுகாதாரப் பரிசோதகரிடம் எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசை பற்றிக் கேளுங்கள்.

நித்திரை

படுக்கிற நேரம் முன்பின் ஆனாலும் எழும்புகிற நேரத்தை ஒன்றாக வையுங்கள். போனை நுளம்பு வலைக்கு வெளியே வையுங்கள். பகல் நித்திரை அரை மணித்தியாலத்தைத் தாண்ட வேண்டாம்.

பிரஷர் பார்க்கிற விதம்

35 வயதைக் கடந்தவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் பிரஷர், சீனி, நிறை எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். போகும்போது அரை மணித்தியாலத்துக்கு முன் தேத்தண்ணியும் வெற்றிலையும் சிகரட்டும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் வைத்து, 5 நிமிடம் கதைக்காமல் இருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேசையில் இருக்க வேண்டும். பட்டி சட்டைக் கைக்கு மேலே சுற்றப்படக் கூடாது. சைக்கிளில் வந்து இறங்கிய மூச்சோடு பார்த்தால் கூடத்தான் காட்டும். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் வந்தால் வேறொரு நாள் மறுபடி பார்த்து உறுதி செய்யுங்கள். குளிசை தந்த பிறகு பிரஷர் சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், அது சரியாக இருப்பதே அந்தக் குளிசையால்தான். கிளினிக் கொப்பியில் ஒவ்வொரு முறையும் இலக்கத்தையும் திகதியையும் எழுதுவித்து, அந்தக் கயிற்றோடு சேர்த்தே அலுமாரியில் வையுங்கள்.